மெனக்கெடல் யார் முடிவு? கலை உழைப்பை அளப்பதில் வரும் குழப்பம்

நவராத்திரி நெருங்கும் மாதங்களில் கடலூர் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை வாங்க வருகிறவர்களிடம் இரண்டு விதமான குறை கேட்கலாம். "அச்சுல எடுத்ததுதானேண்ணே, இதுக்கா இந்த விலை?" என்பது ஒன்று. "போன வருஷம் புடவைக் கரையில எவ்வளவு வேலைப்பாடு இருந்துச்சு, இந்த வருஷம் ஒரே கோடா இழுத்து விட்டுட்டீங்களே" என்பது இன்னொன்று. உழைப்பு குறைவு, அதனால் விலையைக் குறை என்கிறது முதல் குறை. விலை தருகிறேன், அதனால் உழைப்பைக் கூட்டு என்கிறது இரண்டாவது. எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: ஒரு கலைப்பொருளில் எவ்வளவு உழைப்பு இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை வாங்குகிறவருடையது.

2025 மார்ச் மாதக் கடைசியில் சாட்ஜிபிடியின் படம் வரையும் வசதி பரவியபோது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதானது. குடும்பப் புகைப்படத்தைக் கொடுத்தால் 'ஜிப்லி' என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனத்தின் பாணியில் ஓவியமாகக் கொஞ்ச நேரத்தில் கைபேசிக்கே வந்தது. உழைப்பே இல்லாத படம் கலையாகுமா என்று ஒரு பக்கம் கோபப்பட்டார்கள். மிஷினே நொடியில் வரைந்து தரும்போது உங்களுக்கு எதற்கு பத்து நாள் என்று ஓவியர்களைப் பார்த்து இன்னொரு பக்கம் கேட்டார்கள். இங்கும் இரு தரப்பும் கையில் எடுத்தது உழைப்பு என்ற அளவுகோலைத்தான்.

அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறிப்போகிறது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, வாங்குகிறவருக்கு நியாயமாக எதைக் கேட்க உரிமை உண்டு என்பதைப் புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கலைகளை வைத்து அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் நான்கு

1. நேரம். ஒரு வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆகும் நாள். கலைஞர் கையில் வேலை இல்லாமல் பொருள் காய்ந்துகொண்டிருக்கும் நாளும் இதில் சேரும்.

2. உழைப்பு. உடம்பும் கையும் செய்யும் வேலை. மண் மிதிப்பது, சூளை அடுக்குவது, அரிதாரம் பூசுவது எல்லாம் இது.

3. தேர்ச்சி. பல ஆண்டுப் பழக்கத்தால் கையில் படிந்தது. தேர்ச்சி கூடக் கூட நேரமும் உழைப்பும் குறையும். ஒரு கலைஞர் வேகமாக முடிக்கிறார் என்றால் பெரும்பாலும் அதற்குக் காரணம் இதுதான்.

4. மெனக்கெடல். அவசியமான வேலை முடிந்த பிறகும் கலைஞர் தாமாகக் கூட்டிச் செய்வது. எங்கே கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவும் இதற்குள்தான் வருகிறது.

முதல் மூன்றையும் ஓரளவு வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம். நான்காவது கலைஞரின் மனதில் நடக்கும் தீர்மானம். சண்டை எல்லாம் இதைச் சுற்றித்தான் வருகிறது.

ஒரு பொம்மைக்குள் இருக்கும் இரண்டு வகை உழைப்பு

மண் பொம்மை எப்படி உருவாகிறது என்று வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும். களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் போகச் சலித்து, மிதித்துப் பிசைந்து பதம் பார்க்க வேண்டும். பிறகு பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) அச்சின் இரண்டு பாதியிலும் மண்ணை அழுத்தி, ஓரளவு இறுகியதும் எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் தழும்பு தெரியும். அதை ஈரத் துணியாலும் சிறு குச்சியாலும் தேய்த்து மறைக்க வேண்டும். பிறகு நிழலில் காயவைத்து, அதன் பின் வெயில், அதன் பின் சூளை. சூளை ஆறியதும் எடுத்து, வெள்ளைப் பூச்சு அடித்து, உடம்பு நிறம், உடை, நகை, கடைசியில் கண். காகிதக் கூழ் பொம்மைக்குச் சூளை கிடையாது. அதற்குப் பதிலாக உலர்த்துவதும் தேய்ப்பதும் கூடுதல்.

இதில் சில கட்டங்களைச் சுருக்கவே முடியாது. ஈரம் உள்ளே இருக்கும்போது சூட்டில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகிப் பொம்மையைப் பிளந்துவிடும். சூளையை அவசரப்பட்டுப் பிரித்தால் திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். இந்த உழைப்பையும் காத்திருப்பையும் கேட்பது மண். கலைஞர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் செய்தாக வேண்டும்.

வானமும் இதில் பங்கு கேட்கும். கடலூர், புதுச்சேரிக் கடற்கரைக்குப் பெரிய மழை வருவது வடகிழக்குப் பருவத்தில். கார்த்திகை அகல் விளக்குக்கு வேலை நடப்பதும் அதே மாதங்களில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த ஆண்டுக் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அந்த இரண்டு வார இடைவெளியில் மண் காயாமல் கைகட்டி உட்கார்ந்த குயவரிடம் "ஏன் லேட்டு?" என்று கேட்பதில் பொருள் இல்லை. அங்கே அவர் உழைக்கத் தயாராகத்தான் இருக்கிறார்.

வேறு சில கட்டங்கள் முழுக்க முழுக்கக் கலைஞர் கையில் இருக்கின்றன. ஒட்டுத் தழும்பை எவ்வளவு தேய்ப்பது? புடவைக்கு ஒரு கோடு போதுமா, கோட்டுக்குள் புள்ளியும் மாங்காயும் வேண்டுமா? பொம்மையின் முதுகுப்பக்கம் வண்ணம் தேவையா? கொலுப்படியில் வைத்தால் முதுகு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அங்கேயும் பின்னலும் ஜடைநாகமும் வரைகிறவர்கள் உண்டு. அதே கலைஞர் கண்ணுக்கு மட்டும் தாராளமாக நேரம் எடுத்துக்கொண்டு, கரைக்கு ஒரு கோடு போட்டு நிறுத்துவதும் உண்டு. முகம் பேசினால் போதும், மற்றது அதற்கு அடங்கியிருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பார்ப்பவரின் கண்ணை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதுதான் ஓவியத்தின் பாதி வேலை. எல்லா இடத்திலும் ஒரே அளவு நுணுக்கம் செய்த பொம்மையில் முகம் தொலைந்துபோகும்.

ஆகவே "உழைப்பைக் குறைத்துவிட்டார்" என்று குறை சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: குறைந்தது மண் கேட்கும் உழைப்பா, அவர் கூட்டும் உழைப்பா? முன்னது குறைந்தால் பொருள் உடையும். அதைக் குறை சொல்லலாம், திருப்பியும் கொடுக்கலாம். பின்னது குறைந்தால் அது அவருடைய தேர்வு. நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

"இன்னும் கொஞ்சம் நுணுக்கமா" என்பதன் கணக்கு

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பொம்மைக்குக் கைவேலை 6 மணி நேரம், விலை ரூ.1,200 என்று வைத்துக்கொள்வோம். மண், விறகு, வண்ணச் செலவை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். மணிக்கு ரூ.200 வருகிறது. வாடிக்கையாளர் ரூ.200 கூடத் தருகிறேன், கரையும் நகையும் நன்றாக வேண்டும் என்கிறார். அதற்கு இன்னும் 4 மணி நேரம் ஆகும். அந்த 4 மணிக்குக் கிடைப்பது மணிக்கு ரூ.50. முதல் 6 மணி நேரத்துக்குக் கிடைத்ததில் கால் பங்கு.

நுணுக்க வேலையின் இயல்பே இப்படி. முதல் பாதி நேரத்தில் பொம்மை ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்துவிடும். மீதி நேரமெல்லாம் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு மாற்றங்களுக்குப் போகும். சந்தை அந்தச் சிறு மாற்றங்களுக்குப் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை. காசு கிடைக்காத அந்த மணி நேரங்களைக் கலைஞர் கொடுக்கிறார் என்றால் அது அவருடைய அன்பு. அதைப் பாக்கி வசூலிப்பதுபோல் கேட்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. "இவ்வளவு மெனக்கெட வேண்டாம், சட்டுன்னு முடிச்சுக் குடுங்க" என்று நெருக்குவதும் அதே தலையீடுதான். வேகமாகச் செய்தால் வேறொரு பொருள் வரும். அந்தப் பொருளில் தன் பெயரைப் போட அவர் விரும்பாமல் இருக்கலாம்.

ஒரே பட்டறை, இரண்டு அளவு

புதுச்சேரியில் 1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் இருவரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தினம் புழங்கும் கோப்பை, தட்டு, கிண்ணங்களை மெருகிட்டு உயர் வெப்பத்தில் சுட்டுத் தொடர்ச்சியாகச் செய்வது ஸ்மித் கவனித்த பக்கம். மீக்கர் ஒரு கட்டத்தில் மண்ணால் வீட்டையே கட்டி அதையே சூளையாக்கிச் சுட்டுப் பார்க்கும் சோதனையில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். பிறகு பெரிய சிற்பங்களுக்குப் போனார். ஒரு பக்கம் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பச் செய்வது, இன்னொரு பக்கம் ஒரே பொருளுக்காக நீண்ட காலம் செலவிடுவது. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கோப்பைக்கு வேண்டியது கைக்கும் உதட்டுக்கும் பழகும் தன்மை. ஆயிரம் தடவை செய்த கைக்குத்தான் அது வரும்.

புதுச்சேரியை ஒட்டிய வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக் கூழ்க் கலையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. புவிசார் குறியீடு எதைக் காக்கிறது என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. ஊருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை அது பதிவு செய்கிறது. பொருள், செய்முறை, ஊர் ஆகியவை பதிவில் இருக்கும். ஒரு சுடுமண் குதிரைக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது அதன் வேலை கிடையாது.

உழைப்பைக் கண்டால் நாம் ஏன் மயங்குகிறோம்?

இதற்கு உளவியலில் ஓர் ஆய்வு உண்டு. ஜஸ்டின் குருகரும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்டது. ஒரே கவிதையைப் படிக்கக் கொடுத்து, சிலரிடம் இதை எழுத 4 மணி நேரம் ஆனது என்றார்கள். மற்றவர்களிடம் 18 மணி நேரம் என்றார்கள். 18 மணி என்று கேள்விப்பட்டவர்கள் கவிதையை உயர்வாக மதிப்பிட்டார்கள். கவிதையில் ஒரு சொல்லும் மாறவில்லை. இரண்டு அரூப ஓவியங்களை வைத்து 4 மணி, 26 மணி என்று மாற்றி மாற்றிச் சொன்னபோதும் அதிக நேரம் ஆனதாகச் சொல்லப்பட்ட ஓவியமே மேலாகத் தெரிந்தது. கலை தெரிந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களும் இதற்கு விலக்காக இல்லை.

ஒரு பொருளின் தரத்தை நேரடியாகக் கணிக்க முடியாதபோது, கணிக்க எளிதான உழைப்பை வைத்துத் தரத்தை ஊகித்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் தந்த விளக்கம். தரம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு உழைப்பின் மீது சாய்வு கூடுகிறது.

இது கலைஞர்கள் வாழ்க்கையில் என்ன விளைவை உண்டாக்குகிறது?

1. உழைப்பைக் காட்ட வேண்டிய கட்டாயம் வருகிறது. பொம்மையைவிடப் பொம்மை செய்யும் வீடியோவுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. சிக்கலான வேலைப்பாடு வீடியோவில் நன்றாக எடுபடும். ஒரே இழுப்பில் போட்ட உயிருள்ள கோடு எடுபடாது.

2. தேர்ச்சி தண்டனையாகிறது. முப்பது வருடம் கண் வரைந்தவர் மூன்று நிமிடத்தில் வரைந்தால் "மூணு நிமிஷ வேலை" என்று விலை குறைகிறது. நேற்றுப் பழகியவர் மூன்று மணி நேரம் தடுமாறினால் "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டார்" என்று விலை ஏறுகிறது.

3. எளிமைக்கு இடம் குறைகிறது. தேவையில்லாத நகை, தேவையில்லாத பளபளப்பு எல்லாம் சேர்கின்றன. வாங்குகிறவர் கேட்காவிட்டாலும், கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் சேர்கின்றன.

இரண்டாவது விளைவு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1877இல் ஜான் ரஸ்கின் என்ற பிரிட்டிஷ் விமர்சகர், ஓவியர் விஸ்லரின் ஓவியம் ஒன்றைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 விசாரணையில், இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி (அன்றைய பிரிட்டிஷ் பண அலகு) கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்காகக் கேட்கிறேன் என்பது விஸ்லரின் பதில். அவர் ஜெயித்தார். ஆனால் இழப்பீடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்த்திங், அன்றைய மிகச் சிறிய காசுகளில் ஒன்று. வழக்குச் செலவு தலைக்கு மேல் போய் அடுத்த ஆண்டே திவாலானார். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டவர்களும் அதற்குக் காசு கொடுக்க முன்வரவில்லை.

சட்டம் வியர்வையை அளப்பதில்லை

இந்தியாவில் கலைப்படைப்பின் உரிமையைத் தீர்மானிப்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். நம் கேள்விக்குத் தேவையான இடங்களை மட்டும் பார்க்கலாம்.

1. உழைத்ததால் மட்டும் உரிமை வராது. உழைப்பும் முதலீடும் இருந்தாலே ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை தரலாம் என்ற பழைய பார்வைக்கு 'நெற்றி வியர்வைக் கோட்பாடு' என்று பெயர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு தொலைபேசி விவரப் புத்தக வழக்கில் இதை நிராகரித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி.மோடக்குக்கும் இடையிலான வழக்கில், வெறும் உழைப்பு போதாது, குறைந்தபட்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்றது. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஐந்து நிமிடத்தில் வரைந்த சித்திரத்தில் சொந்தத் தீர்மானம் இருந்தால் அதற்கு உரிமை உண்டு. நேரத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை.

2. முடிந்த படைப்பைச் சிதைக்கக் கூடாது. சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் கலைஞருக்கு இரண்டு சிறப்பு உரிமைகளைத் தருகிறது. இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை, தன் மதிப்புக்கும் பெயருக்கும் கேடு வரும்படி படைப்பைத் திரிப்பதையும் சிதைப்பதையும் எதிர்க்கும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் 1962இல் நிறுவப்பட்ட, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமானது. டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் ரூ.5 லட்சம் இழப்பீடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கியதால் மட்டும் என்ன வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. புதுச்சேரிக் கடைச்சுவர்களில் ஓவியம் வரையச் சொல்லிவிட்டு, "இந்த இடம் காலியா இருக்கு" என்று பிறகு வேறு ஆளை வைத்துப் பூவும் விளம்பர எழுத்தும் சேர்ப்பவர்கள் இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் காலி இடம் ஓவியர் வேண்டுமென்றே விட்டதாக இருக்கலாம்.

3. காசு கொடுத்தவருக்கும் உரிமை உண்டு. 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுத்த புகைப்படம், வரைந்த ஓவியம், எடுத்த திரைப்படம் ஆகியவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவரே முதல் உரிமையாளர். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணப் புகைப்படக்காரர்களில் பலருக்கும் இது தெரிவதில்லை. ஆனால் உரிமை வேறு, எத்தனை படங்களைத் திருத்தி மெருகேற்றித் தர வேண்டும் என்பது வேறு. பின்னது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

4. எழுதாமல் விட்டால் சட்டமே காலத்தை நிரப்பும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது.

செயற்கை நுண்ணறிவை இதில் எங்கே வைப்பது?

கருவியை வைத்து உழைப்பைக் குறைத்துக்கொள்வது ஒரு கலைஞரின் தேர்வாக இருக்கலாம். கூர்மையாகச் சொன்னால், அச்சும் ஒரு கருவிதான். ஆனால் செயற்கை நுண்ணறிவுப் படங்களின் மீதுள்ள பெரிய புகார் உழைப்பு குறைவு என்பது கிடையாது. பிறர் வரைந்த ஓவியங்கள் அவர்கள் சம்மதம் இல்லாமல் பயிற்சிக்கு எடுக்கப்பட்டன என்பதே அது. முதலாவதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இரண்டாவது மறைந்துவிடுகிறது.

சட்டத்தில் இதற்கு இன்னும் தெளிவு வரவில்லை. நம் சட்டம் கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்த ஆளையே ஆசிரியராகக் கொள்கிறது. இந்த வகைக் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட வரி அது. அமெரிக்காவில் 2025 மார்ச்சில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரத்தை மட்டுமே ஆசிரியராகக் காட்டிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, மனித ஆசிரியர் வேண்டும் என்றது. வாங்குகிறவர் நிலையில் முக்கியமானது எளிமையானது: கையால் வரைந்தது என்று சொல்லி இயந்திரப் படத்தை விற்றால் அது பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது.

விடிய விடிய ஆடுவதும் இருபது நிமிடம் ஆடுவதும்

மெனக்கெடல் கலைஞரின் தனி முடிவு மட்டும்தானா? எப்போதும் அப்படி இல்லை. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தால் இது புரியும்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்து இரவு பத்து மணிவாக்கில் களரி கட்டித் தொடங்கி விடியும்வரை போகும். வேஷம் கட்டவே மணிக்கணக்காகும். கிரீடமும் புஜக்கட்டையும் ஏற்றிக்கொண்டு, திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிப்பட்டு, இரவெல்லாம் உச்சக் குரலில் பாடி ஆட வேண்டும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடி ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் கீழே மடியேந்திக் காத்திருப்பவர்களில் குழந்தை வரம் கேட்டு வந்த பெண்களும் இருப்பார்கள். அங்கே பாதி மரத்தில் இறங்கிவிட முடியாது. அந்த முழு உழைப்பும் ஊரும் ஜமாவும் (கூத்துக் குழுவும்) சேர்ந்து ஒத்துக்கொண்டது. வெற்றிலை பாக்கோடு முன்பணம் வாங்கும்போதே அது பேசி முடிந்த விஷயம்.

அதே ஜமாவை ஒரு கலை விழாவுக்குக் கூப்பிட்டு 20 நிமிடம் கொடுக்கிறார்கள். ஜமாவை நடத்தும் வாத்தியார் ஒரு வருகைப் பாட்டு, ஒரு தர்க்கம், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் நாலு வரி என்று சுருக்கிக் கொடுக்கிறார். பார்த்தவர் "முன்ன மாதிரி ஆடலையே" என்று உதட்டைப் பிதுக்குகிறார். இங்கே குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் கொடுத்தது அந்த மேடைக்கு ஏற்ற அளவு. நாற்பது நாள் தொடர்ந்து ஆடும் பருவத்தில் தொண்டையையும் முழங்காலையும் காப்பாற்றிக்கொள்வதும் வாத்தியாரின் பொறுப்பு. எந்த இரவில் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாத ஜமா பங்குனியில் தொடங்கி வைகாசி முடியும்வரை தாக்குப்பிடிக்காது.

வாசல் கோலத்திலும் இந்த அறிவு நம்மிடம் இருந்துகொண்டுதான் இருக்கிறது. சாதாரண நாளில் நாலு இழை, வெள்ளிக்கிழமை கொஞ்சம் பெரிது, மார்கழியில் தெருவை அடைத்து, துக்க வீட்டில் கோலமே இல்லை. செவ்வாய்க்கிழமைக் கோலம் சின்னதாக இருக்கிறதே என்று யாரும் கதவைத் தட்டிக் கேட்பதில்லை.

எங்கே கேட்கலாம், எங்கே கூடாது

கலைஞரின் முடிவை மதிப்பது என்றால் வாங்குகிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் ஆகாது. இந்த நான்கு இடங்களில் கண்டிப்பாகக் கேட்கலாம்.

1. பேசியபடி இல்லாதபோது. கையால் வண்ணம் என்று ஒப்புக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தால் அது ஒப்பந்த மீறல்.

2. பொருள் தன் வேலையைச் செய்யாதபோது. விளக்கில் எண்ணெய் கசிந்தால், பொம்மை தானாக விரிசல் விட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

3. செய்முறையை மறைத்தபோது. அச்சில் எடுத்தது குற்றமே இல்லை. ஆனால் முழுக்கக் கையால் பிடித்தது என்று சொல்லி விற்கக் கூடாது.

4. நாள் தவறி, அதைச் சொல்லவும் இல்லாதபோது. மழையால் தள்ளிப்போனால் ஒரு போன் செய்து சொல்லும் கடமை கலைஞருக்கு உண்டு.

கேட்கக் கூடாத இடம் ஒன்றுதான், ஆனால் அதில்தான் நாம் அதிகம் நுழைகிறோம். பேசியதைச் சரியாகக் கொடுத்த பிறகு, "உங்களால இதைவிட நல்லா பண்ண முடியும், ஏன் பண்ணலை?" என்பது. பாராட்டுபோல் ஒலிக்கும் இந்தக் கேள்வி, ஒருவருடைய சிறந்த நாளை அவருடைய தினக் கடமையாக மாற்றுகிறது. ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தவருக்கு மறுவருடம் அதுவே வசவாக வந்து சேர்கிறது. கொஞ்ச நாளில் அவர் கூடுதலாகக் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்.

ஆர்டர் கொடுக்கும்போது பேச வேண்டியவை

பெரும்பாலான மனஸ்தாபங்கள் முன்பணம் கொடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் பேசினால் வராது. வாட்ஸ்அப்பில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

1. முன்பு செய்த மாதிரியில் எந்த அளவு வேலைப்பாடு வேண்டும் என்பதைப் படத்தோடு காட்டுங்கள். "நல்லா பண்ணுங்க" என்பது அளவு ஆகாது.

2. விலை எந்த வேலைப்பாட்டுக்கு என்று கலைஞரையே சொல்லச் சொல்லுங்கள். நுணுக்கம் கூடினால் எவ்வளவு கூடும் என்பதையும் அப்போதே கேளுங்கள். அவர் முடியாது என்றால் அது முழுமையான பதில்.

3. திருத்தம் எத்தனை முறை, எந்தக் கட்டம்வரை என்று முடிவு செய்யுங்கள். சூளைக்குப் போன பிறகு மூக்கை மாற்ற முடியாது. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு தடவை வந்து பார்ப்பது இருவருக்கும் நல்லது.

4. காயும் நாள், மழை நாள் இரண்டையும் சேர்த்தே தேதி குறியுங்கள். நவராத்திரிக்கு வேண்டியதை ஆவணிக் கடைசியில் கேட்டால் அவர் குறைக்கக்கூடியது மெனக்கெடலை மட்டும்தான். உலர்த்தும் நாளை அவரால் குறைக்க முடியாது.

5. பொம்மையின் அடியிலோ முதுகிலோ பெயர் பொறிக்க அவர் விரும்புகிறாரா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பொறித்தால், அதன் மேல் பிறகு வேறு வண்ணம் அடிக்க நினைக்கும்போது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.